எத்தனை மின்முனை உள்ளே போனது? ஒரு தாளுக்காக அலைந்த அலைச்சல்

தம்பிக்கு காக்ளியர் இம்பிளாண்ட் (உள்காதுக்குள் மின்முனைக் கம்பி செலுத்தி, மின்சாரத்தால் கேட்கும் நரம்பைத் தூண்டும் கருவி) வைத்து, சுவிட்ச் போட்டு, மாதக்கணக்கில் மேப்பிங் (ஒவ்வொரு மின்முனைக்கும் மின்சார அளவைச் சரிசெய்வது) போயும் 'ஸ', 'ஷ' இரண்டும் அவன் காதில் விழவே இல்லை. சத்தம் கொஞ்சம் கூடினால் இடது கண்ணுக்குக் கீழே சதை துடிக்கும். "பழகப் பழக வரும், பயிற்சி போதாது" என்றார்கள். பயிற்சியில் அவன் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. காரணம் ஒரு தாளில் எழுதியிருந்தது. அந்தத் தாள்தான் எங்கள் கைக்கு வராமலே கிடந்தது.

நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட். மூளைக்காய்ச்சலில் அவனுக்கு இரண்டு காதும் போனது. உயிர் தப்பியதே பெரிது என்று அம்மா கும்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், யாராவது எங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. இந்தக் காய்ச்சலுக்குப் பிறகு உள்காதின் நத்தைச் சுருளுக்குள் எலும்பு வளர ஆரம்பிக்கலாம், சிலருக்குச் சில வாரங்களிலேயே. அந்தச் சுருள் இரண்டரைச் சுற்று. நீட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர். அதன் கீழ் அறையில் இருக்கும் திரவத்தின் வழியாகத்தான் மின்முனைக் கம்பி போக வேண்டும். எலும்பு அடைத்துக்கொண்டால் கம்பி பாதியில் நின்றுவிடும். சிடி ஸ்கேனில் எலும்பு தெரிவதற்கு முன்பே எம்ஆர்ஐயில் திரவம் குறைவது தெரிந்துவிடும். அதனால் மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளைக்கு வீட்டுக்கு அனுப்பும் முன்பே காது சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்கவில்லை என்று தெரிந்தால் எம்ஆர்ஐக்கு விடாமல் கேளுங்கள்.

எங்கள் சூராட் (பரிந்துரைக் கடிதம்) என்ன ஆனது? ஒரு கவுண்டரில் "சிஸ்டத்தில் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்றார் கிராணி (குமாஸ்தா). அடுத்த வாரம் போனால் அவர் லீவு. சூராட் அதே மேசையில், வேறொருவர் ஃபைலுக்கு அடியில் கிடந்தது. அந்த நாட்களில் தம்பியின் காதுக்குள் எலும்பு வளர்ந்துகொண்டிருந்தது என்று இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஆபரேஷன், தையல் பிரித்தது, சுவிட்ச் போட்டது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. தூரம் என்பதால் மேப்பிங்கை மட்டும் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். ஃபைல் வந்தது, ஆபரேஷன் குறிப்பு வரவில்லை. கம்பியில் இருந்த 22 மின்முனையும் ஓடிக்கொண்டிருந்தன.

பிறகு புதிதாக வந்த ஆடியோலஜிஸ்ட் (கேட்கும் திறன் நிபுணர்)தான் முதல் ஆளாக அந்தக் கேள்வியைக் கேட்டார்: "எத்தனை உள்ளே போனது?" சுருளின் வாசல் பக்கம் கீச்சுக் குரல்களுக்கு, உள் நுனி கனத்த குரல்களுக்கு. பிராசஸர் (காதுக்கு வெளியே மாட்டும் பாகம்) ஒலியை அந்த வரிசைப்படி பிரித்து அனுப்பும். மின்முனை சுருளுக்கு வெளியே நிற்பது அதற்குத் தெரியாது. வாசலில் நின்றுவிட்ட மின்முனைக்குப் போகும் 'ஸ' கேட்கும் நரம்பைச் சேராது. மின்சாரம் பக்கத்தில் ஓடும் முக நரம்பைத் தொட்டால் சதை துடிக்கும். அவருக்கு அப்போதே சந்தேகம், ஆனால் ஆதாரம் இல்லாமல் எதையும் அணைக்க அவர் தயாராக இல்லை. அதில் தப்பும் இல்லை.

ரெக்கார்டு பிரிவில் ஃபாரம் நிரப்பினேன், ஐ.சி. (அடையாள அட்டை) நகல் கொடுத்தேன். நோயாளியின் கையெழுத்து வேண்டும் என்று திருப்பினார்கள். கையெழுத்தோடு போனால், ரிப்போர்ட் எழுத டாக்டர் இல்லை, காத்திருங்கள் என்றார்கள். அங்கே வேலை செய்யும் ஒரு அக்கா மெதுவாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, முழு ரிப்போர்ட் கேட்டா புதுசா எழுதணும், லேட்டாகும். ஆபரேஷன் அன்னைக்கு எழுதின குறிப்பு ஃபைல்லயே இருக்கு. அதோட நகல் வேணும்னு உங்க ஆடியோலஜிஸ்ட்டை நேரா சர்ஜனுக்கு எழுதச் சொல்லுங்க." அப்படியே செய்தோம். குறிப்பு வந்தது. 18 உள்ளே, 4 வெளியே. எக்ஸ்ரேயில் எண்ணிப் பார்த்தாலும் அதே கணக்கு.

வெளியே நின்ற நான்கையும் அணைத்து, எல்லா ஒலிகளையும் 18க்குப் பிரித்துக் கொடுத்தார். துடிப்பு அன்றே நின்றது. சில வாரங்களில் லிங் ஆறு ஒலிச் சோதனையில் (ஆறு பேச்சு ஒலிகள் கேட்கிறதா என்று பார்ப்பது) 'ஷ' பிடித்தான், பிறகு 'ஸ'வும். அம்மா அங்கேயே அழுதுவிட்டார்.

மின்முனை நிற்கும் இடம் மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. எத்தனை காலம் கேட்காமல் இருந்தோம், நரம்பு எப்படி இருக்கிறது, பயிற்சி எல்லாமே சேரும். ஆனாலும் இடத்தை யாரும் பார்க்காமல் பயிற்சியைக் குறை சொல்லக் கூடாது. எலும்பு இல்லாத காதிலும் கம்பி கீழ் அறையிலிருந்து சவ்வைக் கிழித்து மேல் அறைக்கு ஏறிவிடலாம். அப்படி ஆனவர்களுக்குப் பேச்சு புரிவது பொதுவாகக் குறைவு, மிச்சம் இருந்த இயற்கையாகக் கேட்கும் திறனும் போகலாம். முன்பே வளைத்துச் செய்த கம்பியில் நுனி மடங்கிக்கொள்வதும் உண்டு. ஆபரேஷன் மேசையிலேயே எக்ஸ்ரே எடுத்தால் அது தெரிந்துவிடும்.

டிஸ்சார்ஜ் அன்றே மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: எத்தனை மின்முனை உள்ளே, எந்த அறையில், எக்ஸ்ரே நகல். மேப்பிங் எந்த ஊருக்கு மாறினாலும் கையோடு கொண்டு போங்கள். தம்பிக்கு பாசார் (சந்தை) இரைச்சலில் பேச்சு இன்னும் பிடிபடவில்லை. அடுத்த மேப்பிங்கில் அதைத்தான் பார்க்கப் போகிறார்கள்.