பறக்கலாமா, கூடாதா என்று சொல்லும் இடம்

நீலகிரி மலை ரயில் குன்னூரைத் தாண்டியதும் வெலிங்டன் என்ற சிறிய நிலையம் வரும். சென்ற கோடையில் வண்டி அங்கே நின்றபோது, முப்படை அதிகாரிகளும் பயிலும் கல்லூரி ஒன்று இந்த ஊரில் இருப்பதையும், அதன் படிப்பை 1978இல் முடித்த முதல் பெண் அதிகாரி பத்மாவதி பந்தோபாத்யாய் என்பதையும் உடன் வந்தவர்களிடம் சொன்னேன். பெயரைக் கேட்டு வங்காளியா என்றார்கள். அது கணவர் வழி வந்த பெயர். பத்மாவதி 1944இல் திருப்பதியில், தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர்.

வளர்ந்தது டெல்லியில். தாய் காசநோயால் படுக்கையில் விழுந்ததால், விளையாட வேண்டிய வயதிலேயே நோயாளிக்குப் பணிவிடை செய்யப் பழகிக்கொண்டார். அருகில் குடியிருந்தவரோ, லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியரும் இந்தியாவின் முதல் பெண் இதயநோய் நிபுணருமான டாக்டர் எஸ். பத்மாவதி. தன் பெயரையே உடைய ஒரு பெண் டாக்டராக இருப்பதை அன்றாடம் கண்ட சிறுமிக்கு வேறு முன்மாதிரி தேவைப்படவில்லை. பள்ளியில் கலைப்பிரிவில் படித்தவர், கல்லூரியில் அறிவியலுக்கு மாறி, 1963இல் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1968இல் விமானப்படைக்கு வந்தார்.

இவரைப் பற்றி எழுதுபவர்கள் ‘முதல் பெண்’ என்ற பட்டியலோடு நிறுத்திக்கொள்வது எனக்குக் குறையாகவே படுகிறது. அவர் தேர்ந்துகொண்ட விண்பயண மருத்துவம், அதாவது வானில் பறப்பவர்களின் உடல்நலத்தைக் கவனிக்கும் துறை, அதைவிடச் சுவையானது. போர் விமானம் கூர்மையாகத் திரும்பும்போது புவியீர்ப்பைப் போல் ஐந்து மடங்கு விசை ஏறினால், எழுபது கிலோ எடையுள்ள விமானி முந்நூற்றைம்பது கிலோ கனப்பார். ரத்தம் காலை நோக்கி இறங்க, பார்வை ஓரங்களில் மங்கிப் பின் முற்றிலும் இருண்டுவிடும். ஆக்சிஜன் குறைவு இன்னும் வஞ்சகமானது. தரையிலேயே காற்றழுத்தத்தைக் குறைக்கும் அறையில் உட்கார வைத்துப் பெயரை எழுதச் சொன்னால், எழுத்து கோணிக்கொண்டே போகும். எழுதுபவரோ எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துச் சிரித்துக்கொண்டிருப்பார். தனக்கு ஆபத்து என்பதே தெரியாத ஒருவரைக் காப்பாற்றும் மருத்துவம் இது. கடுங்குளிரை மனித உடல் எப்படித் தாங்குகிறது என்று ஆராய ஆர்க்டிக் வரை அவர் சென்றதும் இந்த ஆர்வத்தின் தொடர்ச்சிதான்.

1971 போரின்போது பஞ்சாபிலுள்ள ஹல்வாரா விமானத் தளத்தில் பணியில் இருந்தார். கணவர் எஸ். என். பந்தோபாத்யாயும் விமானப்படை அதிகாரி. பின்னர் ஒரே விழாவில் இருவரும், படையினரின் சிறந்த சேவைக்கு வழங்கப்படும் விசிஷ்ட சேவா பதக்கம் பெற்றார்கள். விமானப்படையில் ஒரு தம்பதிக்கு அப்படி வாய்த்தது அதுவே முதல் முறை.

பிற்காலத்தில் அவர் தலைமை ஏற்ற விமானப்படையின் மத்திய மருத்துவ நிலையம், விமானிகளின் உடற்தகுதியைச் சோதித்துப் பறக்கலாமா, கூடாதா என்று முடிவு செய்யும் இடம். வானமே வாழ்க்கை என்றிருக்கும் ஒருவரிடம், உங்கள் இதயத்துடிப்பில் கோளாறு இருக்கிறது, தரையில் இருங்கள் என்று சொல்வதற்குப் பதவி மட்டும் போதாது. எதிரில் இருப்பவர் அந்தத் தீர்ப்பை நம்பவும் வேண்டும். அந்த நிலையத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் அவர் என்பதையே, பதக்கங்களைக் காட்டிலும் பெரிதாக நான் எண்ணுகிறேன்.

மருத்துவப் பிரிவுக்கும் செவிலியர் பணிக்கும் அப்பால், படையின் மற்றப் பிரிவுகள் பெண்களை அதிகாரிகளாகச் சேர்க்கத் தொடங்கியது 1992 வாக்கில்தான். அவர் சேர்ந்து அதற்குள் இருபத்துநான்கு ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன. 2004இல் ஏர் மார்ஷல் ஆகி, விமானப்படை மருத்துவச் சேவைகளின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்றார். ஏர் மார்ஷல், லெப்டினன்ட் ஜெனரல் போன்ற பதவிகளைக் குறிக்கும் மூன்று நட்சத்திரத் தகுதியை இந்தியப் படைகளில் எட்டிய இரண்டாவது பெண் அவர். அதே ஆண்டு அவரை முந்திக்கொண்ட புனிதா அரோராவும் அதே புனே கல்லூரியில் படித்த மருத்துவர்.

2020இல் பத்மாவதி பந்தோபாத்யாய்க்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. டெல்லியில் அருகில் குடியிருந்த அந்த மூத்த பத்மாவதி, அதே ஆண்டு ஆகஸ்டில், தம் 103ஆம் வயதில் காலமானார்.