ஜெரண்டுக்கு முன் ‘ஹிஸ்’ வருமா, ‘ஹிம்’ வருமா?

போட்டித் தேர்வுகளுக்கான ஆங்கில இலக்கணப் பயிற்சியில், பிழை கண்டறியும் வினாக்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, வினையிலிருந்து பிறந்து ‘இங்’ என முடியும் பெயரான ஜெரண்டுக்கு முன் எந்தப் பிரதிப்பெயர் வர வேண்டும் என்பதுதான். தமிழில் ‘அவன் தாமதமாக வருவதை’ என்னும்போது ‘அவன்’ உருபு ஏற்பதில்லை. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் ‘ஹீ கமிங்’ என்று எழுதிவிடத் தோன்றும்.

ஜெரண்ட் பெயர்ச்சொல்லாக நின்று வேலை செய்வதால், அதற்கு முன் மை, யுவர், ஹிஸ், தெயர் ஆகிய உடைமை வடிவங்களே வர வேண்டும் என்பது மரபான விதி. ‘ஐ அப்ஜெக்ட் டு ஹிஸ் கமிங் லேட்’ என்பதில் எதிர்ப்புக்கு உரியது அவனுடைய தாமத வருகை. பேச்சில் ‘ஹிம் கமிங்’ என்பதும் தாராளமாக வழங்குகிறது. 1920களில் ஆங்கில வழக்கு நூலாசிரியர் ஃபௌலர் இந்த வழக்கைக் கண்டித்தபோது டேனிஷ் மொழியியலாளர் யெஸ்பர்சன் அதற்கு ஆதரவாக வாதிட்டார். எனக்கு யெஸ்பர்சன் சொன்னதே நியாயமாகப் படுகிறது. ஆயினும் தேர்வுத்தாளில் ஃபௌலரைப் பின்பற்றுவதே பாதுகாப்பானது. வாக்கியத்தின் எழுவாயாக ஜெரண்ட் வரும் இடத்திலோ, ‘ஹிஸ் கமிங் லேட் அனாய்ட் அஸ்’ என்று உடைமை வடிவத்தையே எழுதிவிடுங்கள்.

ஆனால் ‘இங்’ கண்ட இடமெல்லாம் ‘ஹிஸ்’ போடுவதும் தவறு. ‘ஐ சா ஹிம் கிராஸிங் த ரோடு’ என்பதில் கண்ணில் பட்டவன் அவன். ‘கிராஸிங்’ இங்கே பெயராக நிற்காமல் அவனை விவரிக்கும் பார்ட்டிசிபிள். சீ, ஹியர், வாட்ச் போன்ற வினைகளுக்குப் பின் ‘ஹிம்’தான் வரும். உடைமை வடிவமே இல்லாத திஸ், தட் ஆகியவை ‘ஐ இன்சிஸ்ட் ஆன் திஸ் பீயிங் டன்’ என்பதுபோல் மாறாமல் நிற்கும்.

‘டு கோ’ போன்ற இன்ஃபினிட்டிவில் குழப்பம் குறைவு. அதைச் செய்பவர் செயப்படுபொருள் வடிவத்தில் வருவார்: ‘ஐ வாண்ட் ஹிம் டு கோ’, ‘இட் இஸ் ஹார்ட் ஃபார் ஹர் டு வெயிட்’. ‘லெட்’டுக்குப் பின் இருவர் வரும்போதுதான் பலர் ‘லெட் ஹீ அண்ட் ஐ கோ’ என்று எழுதிவிடுகிறார்கள். ஒருவரை மறைத்துப் படித்தால் ‘லெட் ஐ கோ’ என்று காதில் உறுத்தும், ஆகவே ‘லெட் ஹிம் அண்ட் மீ கோ’ என்பதே சரி.

இன்னொரு பொறி ‘டு’. அதன் பின் ‘இட்’ என்று போட்டுப் பாருங்கள்: ‘லுக் ஃபார்வர்ட் டு இட்’ பொருள் தருகிறது, ‘வாண்ட் டு இட்’ தருவதில்லை. பொருள் தரும் இடத்தில் ‘டு’ முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்) என்பதால், ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ஜாயினிங் அஸ்’ என்று ஜெரண்டையும் உடைமை வடிவத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.