கேம்பர்வேனில் மேல் படுக்கை யாருக்கு?

ஜூன் விடுமுறை நெருங்கினால் எங்கள் பேட்டையில் யாராவது ஒரு குடும்பம் நியூசிலாந்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும். கிரைஸ்ட்சர்ச்சுக்குச் சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானம், சுமார் பத்து மணி நேரம். நம்மைப் போலவே அங்கும் வண்டிகள் இடப்பக்கம்தான் ஓடுகின்றன. அதனால் கேம்பர்வேன், அதாவது படுக்கையும் கழிவறையும் உள்ள வண்டி, எடுத்துத் தென்தீவைச் சுற்றுவது சிங்கப்பூர்க்காரர்களுக்குப் புதிதில்லை. ஏரி, பனிமலை, ஆட்டுமந்தை பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது அந்த வண்டியில் ஓட்டுநரின் தலைக்கு மேலே இருக்கும் படுக்கையைப் பற்றி. போவதற்கு முன் அதைப் பற்றி யாரிடம் கேட்டாலும் “ஏணி இருக்கும், ஏறிக்கலாம்” என்பதோடு முடித்துக்கொண்டார்கள்.

நாங்கள் ஐந்து பேர்: நான், கணவர், ஆசிரியையாக இருக்கும் மகள், தேசிய சேவை முடித்த மகன், அப்புறம் எழுபதைத் தாண்டிய என் மாமியார். ஆறு பேர் படுக்கக்கூடிய வண்டி எடுத்தோம். பின்னால் ‘ப’ வடிவ இருக்கை. ராத்திரியில் மேசையை இறக்கிப் பலகையும் மெத்தையும் போட்டால் இரட்டைக் கட்டில். நடுவில் இருக்கும் சாப்பாட்டு மேசையும் அப்படியே. மூன்றாவதுதான் அந்த மச்சு. மெத்தை என் தோள் உயரத்தில் இருந்தது. மெத்தைக்கும் கூரைக்கும் நடுவில் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கலாம், உட்கார முடியாது. மேலே போக ஒரு அலுமினிய ஏணி, ஓடும்போது கழற்றி ஓரமாகக் கட்டி வைப்பது, ராத்திரி கொக்கியில் மாட்டுவது.

“மேல தம்பி படுத்துக்கட்டும்” என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ராணுவத்தில் கயிறு ஏறியவன், இளரத்தம். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவனுக்கு ராத்திரி ஒன்றரை மணிவாக்கில் ஒருமுறை எழுந்தாக வேண்டும், அதுவும் கண்ணைத் திறக்காமலே சுவரைத் தடவிக்கொண்டு கழிவறைக்குப் போய்வரும் ஆள். வீட்டில் அது பரவாயில்லை. தோள் உயரத்திலிருந்து அப்படி ஒரு காலை வெளியே வைத்தால்? கணவருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை, ராத்திரி இரண்டு முறை எழுந்திருக்கும் வழக்கம். மாமியாரைப் பற்றிப் பேச்சே இல்லை. மிச்சம் மகளும் நானும். படுத்தால் விடியும்வரை அசையாதவர்கள் வீட்டில் நாங்கள் இருவர்தான். எனக்கு ஐம்பத்தாறு வயது, மூட்டு இன்னும் ஒத்துழைக்கிறது. இந்தப் படுக்கைக்கு ஆள் தேர்வு செய்யும்போது வயதைவிட ராத்திரிப் பழக்கத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

“வயசுப் பையன் கீழ, நீ மேலயா? நல்லாருக்கும்மா நியாயம்” என்றார் அத்தை.

சரி, ஏறி இறங்கிப் பார்த்துவிடுவோம் என்று பொங்கோலில் என் தங்கை வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் அறையில் இரட்டை அடுக்குக் கட்டில் இருக்கிறது. ஏறுவதில் ஒன்றுமில்லை. மேலே போனபின் கீழே பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மாடிப்படியில் இறங்குவதுபோல முகத்தை வெளிப்பக்கம் வைத்து, விளிம்பில் உட்கார்ந்து, குதிகாலால் படியைத் தேடத்தான் மனசு போகிறது. “பெரியம்மா, அப்படி இல்ல, திரும்பிக்குங்க” என்றாள் தங்கையின் கடைக்குட்டி. கவிழ்ந்து படுத்து, கால் முதலில் வழுக்கி வர, வயிறு விளிம்பைத் தாண்டும்போது பாதம் தானாகப் படியில் நிற்கும் என்று செய்து காட்டினாள். முதுகுவலிக்காகப் பலதுறை மருந்தகத்துக்குப் போனபோது பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்ததும் இதில் பாதிதான்: முழங்காலை மடக்கு, தோளும் இடுப்பும் ஒன்றாக ஒருக்களித்துத் திரும்பு, இடுப்பை முறுக்காதே. கீழ்க்கட்டிலில் அங்கேயே காலைத் தொங்கவிட்டு எழுந்துவிடலாம். மேல்கட்டிலில் அந்தத் திருப்பத்தை இன்னும் கொஞ்சம் நீட்டி, குப்புறக் கவிழ்ந்துவிட வேண்டும்.

டெக்காப்போ என்ற ஏரிக்கரை ஊரில் முதல் ராத்திரி இதையெல்லாம் இருட்டில் செய்தேன். பாதத்தின் முன்பகுதி காற்றில் துழாவுகிறது. படி கிடைத்ததும் கட்டைவிரலை வைத்து எடையைப் போடத் தோன்றும்; போடக்கூடாது. பாதத்தின் நடுப்பகுதி படியில் உட்காரும்வரை எடை முழுக்க மெத்தையிலேயே இருக்க வேண்டும். அப்புறம் அடுத்த கால். இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் எதையாவது பிடித்திருக்க வேண்டும் என்பது கட்டட வேலையில் ஏணி ஏறுகிறவர்களுக்குச் சொல்லும் விதி. கையில் போனை வைத்துக்கொண்டு இறங்கினால் அந்தக் கணக்கு உதைக்கும். நெற்றியில் மாட்டும் விளக்கு ஒன்றை வாங்கித் தலைமாட்டில் தொங்கவிட்டிருந்தோம்.

பிடிக்க என்ன இருக்கிறது என்று பகலிலேயே பார்த்து வையுங்கள். எங்கள் ஏணியின் பக்கக் கம்பிகள் மெத்தையோடு முடிந்துவிட்டன, மேலே நீண்டிருக்கவில்லை. திரும்பும் நேரத்தில் கைக்கு எட்டுவது திரைச்சீலைக் கம்பிதான். அது துணியைத் தாங்குமே தவிர ஆளைத் தாங்காது. அத்தைக்கு வீட்டில் முதியோருக்கான ஈஸ் திட்டத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வைத்துக்கொடுத்த கைப்பிடிகள் பழகிப்போய், வண்டிக்குள் வந்ததும் கழிவறைச் சுவரைத் தடவிப் பார்த்தார். “இங்க ஒண்ணும் கிடையாதா?” என்றார். கிடையாது. நான் கட்டில் பலகையில் உள்ளங்கையை அழுத்தி ஊன்றிக்கொண்டு, பிறகு ஏணிக் கம்பிக்குக் கையை மாற்றினேன்.

உடை பற்றிச் சொல்ல வேண்டும், இதை யாரும் சொல்வதில்லை. நைட்டி வேண்டவே வேண்டாம். மேலேறும்போது அதன் ஓரம் நம் முழங்காலுக்கடியில் மாட்டும், இறங்கும்போது பாதத்துக்கடியில் மாட்டும். டிராக் பேண்ட் போதும். ஜூனில் அங்கே குளிர்காலம், டெக்காப்போவில் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும், எல்லாரும் கம்பளிக் காலுறையோடு தூங்குவோம். அலுமினியப் படியில் காலுறை வழுக்கும். கழற்றிப் பையில் செருகிக்கொண்டு வெறுங்காலோடு இறங்கி, கீழே வந்து போட்டுக்கொள்ளலாம். படி மெல்லியதாக இருந்ததால் பாதம் வலித்தது. டைசோவில் வாங்கிப் போயிருந்த அலமாரி விரிப்பை, அந்த வலைபோன்ற ரப்பர்த் துணியை, படிகளில் சுற்றிப் பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கினோம். வலியும் போனது, வழுக்கலும் போனது.

ஏணியை மாட்டியதும் இரண்டு கொக்கியும் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று குலுக்கிப் பார்ப்பது மகனின் வேலை. கீழே மிதியடி கிடந்தால் எடுத்துவிட வேண்டும், ஏணியின் கால் அதோடு சேர்ந்து நகரும். வண்டி சரிவில் நின்றால் ஏணியும் சாய்ந்துதான் நிற்கும். சக்கரத்துக்கடியில் வைக்கும் சரிவுக்கட்டைகளை வாடகை நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள்.

ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களை மேலே அனுப்பாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. படுத்திருந்து சட்டென்று எழுந்தால் ரத்தம் கால் பக்கம் இறங்கி, அழுத்தம் குறைந்து தலைசுற்றும். சில மாத்திரைகள் இதைக் கூட்டும். அதனால்தான் கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்கிறார்கள். மச்சில் உட்காரவே முடியாதே! படுத்தபடியே கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிவிட்டு இறங்கலாம். கீழே வந்ததும் ஏணியைப் பிடித்தபடி நாலு மூச்சு விட்டு நடக்கலாம். எனக்கு இது போதுமாக இருந்தது. கணவருக்குப் போதும் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

வண்டிக்குள் கழிவறை இருந்தும் நம்மவர்கள் பலர் அதைத் தொடுவதில்லை. யார் போய்க் கொட்டுவது என்ற வெட்கம். அதனால் ராத்திரி எழுந்தால் ஏணி, வண்டிப்படி, பனி உறைந்த புல், முகாமின் பொதுக் கழிவறை என்று ஒரு யாத்திரை. எங்கள் வீட்டில் கொட்டும் பொறுப்பை மகன் ஏற்றுக்கொண்டான், மேல் படுக்கையிலிருந்து தப்பித்ததற்கு விலை.

டெக்காப்போவும் ஆவோராகி மலைப்பக்கமும் 2012 முதல் சர்வதேச இருள்வானக் காப்பகம், அதாவது வெளிச்சம் கட்டுப்படுத்தி இரவு வானத்தைக் காக்கும் இடம். பால்வீதியை அத்தை முதன்முதலில் அங்கேதான் பார்த்தார். “யீஷுன்ல இதெல்லாம் எங்க தெரியுது” என்று கழுத்து வலிக்கும்வரை நின்றார். நட்சத்திரம் பார்ப்பதானால் படுக்கப் போகுமுன் பார்த்துவிடுங்கள். மேலேறிப் போர்த்தியபின் “அம்மா, மேகம் விலகிடுச்சு, வாங்க” என்று கீழிருந்து மகன் கூப்பிட்டபோது நாங்கள் போகவில்லை.

சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு: ஆறு வயதுக்குக் கீழே இருந்தால் மேல்கட்டில் வேண்டாம் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. அதற்கு மேற்பட்டவர்களுக்கும் தடுப்பு வலை வேண்டும், அதைக் கூரைக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் விளக்கை அணைக்க வேண்டும். ஓடும் வண்டியில் யாரும் மேலே படுக்கக்கூடாது. நியூசிலாந்தில் இருக்கைவார் கட்டாயம்.

முன்பதிவு செய்யும்போது படுக்கைகளின் வரைபடத்தோடு ஏணியின் படத்தையும் கேளுங்கள். நாலு பேர் போவதானால், காசு இடம் கொடுத்தால், ஆறு பேர் வண்டியை எடுத்து எல்லாரும் கீழேயே படுத்துவிடலாம். மேலே கம்பளியும் தலையணையும் போட்டு வைக்கலாம். பெட்டியை மட்டும் வைக்காதீர்கள், வண்டி ஓடும்போது கீழே வந்து விழலாம்.