சுறுசுறுப்பு: அதிகம்

நாயைத் தத்தெடுப்பதற்காகக் காப்பகத்தில் கொடுத்த படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: "உங்கள் குடும்பத்தின் சுறுசுறுப்பு எத்தகையது?" குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று கட்டங்கள். நானும் என் கணவரும் கலந்து பேசக்கூட இல்லை. இருவருடைய விரலும் ஒரே நேரத்தில் மூன்றாவது கட்டத்தைத் தொட்டன. அதில் பொய் ஏதும் இருப்பதாக அன்று எங்களுக்குத் தோன்றவில்லை. அவர் வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் ஓடுகிறவர். 21 கிலோமீட்டர் அரை மாரத்தானை இரண்டு முறை முடித்து, அந்தப் பதக்கங்களை விருந்தினர் கண்ணில் தவறாமல் படும் உயரத்தில் மாட்டி வைத்திருப்பவர். நான் மாலையில் இறகுப்பந்து ஆடுகிறேன். மகள் பள்ளிக் கபடி அணியில் இருக்கிறாள். மகன் எந்த அணியிலும் இல்லை, ஆனால் அவன் ஓரிடத்தில் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததும் இல்லை. 75 வயதைத் தொட்டுவிட்ட என் மாமனார்கூட வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துதான் காப்பியைக் கேட்பார்.

அவர்கள் எங்களுக்குக் காட்டிய நாய்க்கு ஒன்றரை வயது இருக்கலாம் என்றார்கள். நான்குவழிச்சாலை ஓரத்தில், அறுந்த கயிற்றுத் துண்டு கழுத்தில் தொங்க, நின்றுகொண்டிருந்ததாம். உடல் சிப்பிப்பாறை நாயைப் போல ஒடுங்கி, மார்பு ஆழ்ந்து, வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. வாலோ தெருநாய்க்கே உரிய முறையில் மேல்நோக்கிச் சுருண்டிருந்தது. செவலை நிறத்தில் நெற்றியில் மட்டும் வெள்ளைப் பூச்சு. ஒரு காது நிமிர்ந்தும் மற்றொன்று மடங்கியும் இருந்ததால், எப்போதும் நம் பேச்சில் பாதியை மட்டும் நம்புவது போன்ற தோற்றம் அதற்கு வாய்த்திருந்தது. முயல் வேட்டைக்கு வளர்த்து, பிறகு கைவிட்டிருப்பார்கள் என்று காப்பகத்துத் தன்னார்வலர் ஊகித்தார். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் முயலைப் பிடிப்பதைக் குற்றம் என்கிறது; அந்தச் சட்டம் எங்கள் பக்கத்துக் கரிசல் காடுகளுக்குள் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது போலும்.

வீட்டில் எதிர்ப்பு மாமாவிடமிருந்துதான் வந்தது. அதற்கு அவரிடம் 36 ஆண்டுக் காரணம் இருந்தது. அவர் 1974 முதல் 2010 வரை தபால்காரராக வேலை பார்த்தவர். மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அவருடைய சைக்கிளைத் துரத்தாத நாய் பிறக்கவே இல்லை என்பது அவருடைய வாக்குமூலம். 1981-இல் ஒரு நாய் துரத்தியதோடு நிற்காமல் கெண்டைக்காலைப் பிடித்தும் விட்டது. அந்தக் காலத்தில் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. இப்போது போலக் கையில் சில ஊசிகளோடு முடிகிற விஷயம் இல்லை. அந்தப் பதினான்கையும் அவர் நாள்வாரியாகச் சொல்லத் தொடங்கினால், எட்டாவது ஊசிக்குள் கேட்பவர் எழுந்து போய்விடுவார்.

ஆகவே வாசலில் வண்டியிலிருந்து நாய் இறங்கியதும் மாமா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதைத் தலை முதல் வால் வரை பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தம் தபால்தலை ஆல்பத்தைக் கொண்டுவந்தார். இந்திய அஞ்சல் துறை 2005-இல் நம் நாட்டு நாயினங்களுக்கு வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ஒன்று ராஜபாளையம். வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்குமாக அது கம்பீரமாக நிற்கும் பக்கத்தைத் திறந்து, எங்கள் நாயின் முகத்துக்கு அருகில் பிடித்து, ஒப்பிட்டுப் பார்த்தார். "இது அது இல்லையே" என்றார். இல்லைதான் என்று ஒப்புக்கொண்டோம். "அப்போ அனுப்புநருக்கே திருப்பி அனுப்பிடு" என்றார். அதற்குள் அவருடைய கண் நாயின் காதில் இருந்த சிறு வெட்டில் பட்டது. கருத்தடை அறுவை சிகிச்சையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் முடிந்த தெருநாய்களுக்கு அடையாளமாக அப்படி வெட்டி விடுவார்கள் என்று விளக்கினேன். மாமாவின் முகம் சற்று இளகியது. "முத்திரை குத்தியாச்சா? அப்போ சரி, உள்ளே வரட்டும்."

புதிதாக வரும் நாய்க்கு மிரட்சி தெளிய மூன்று நாள், வீட்டு வழக்கம் பிடிபட மூன்று வாரம், இது தன் வீடு என்று தோன்ற மூன்று மாதம் ஆகும் என்பது நாய்களை மீட்கிறவர்கள் சொல்லும் பொதுவான கணக்கு. முதல் மூன்று நாளும் அது கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடந்தது. குரைக்கவில்லை, ஓடவில்லை, வைத்த சோற்றை நாங்கள் உறங்கிய பிறகே தின்றது. இவ்வளவு சாதுவான நாயைப் பார்த்ததில்லை என்று நான் என் அம்மாவிடம் தொலைபேசியில் பெருமையடித்துக்கொண்டேன். இதற்கு உடற்பயிற்சி போதாதோ என்று என் கணவர் கவலைப்பட்டார். அவர் அன்று பட்ட கவலையை நாங்கள் இன்றுவரை அவருக்கு நினைவூட்டி வருகிறோம்.

நான்காம் நாள் காலை ஐந்து மணிக்கு, கட்டிலுக்கு அடியிலிருந்து புறப்பட்ட ஏதோ ஒன்று கூடத்தை மூன்று முறை சுற்றி, சோபாவின் முதுகின் மேல் ஓடி, உறங்கிக்கொண்டிருந்த என் கணவரின் வயிற்றை மிதித்து எழும்பி, சாத்தியிருந்த கொல்லைக் கதவின் முன் வந்து நின்று, எல்லாரும் தயாரா என்பது போல எங்களைத் திரும்பிப் பார்த்தது. மாமா அப்போதுதான் அதற்குப் பெயர் வைத்தார். "தபால் மெதுவா வரும். இது தந்தி."

அத்தைக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை. தந்திச் சேவையை 2013 ஜூலையில் அரசே நிறுத்திவிட்டாலும், தந்தி என்ற சொல் காதில் விழுந்தவுடன் அதைப் பிரிப்பதற்கு முன்பே அழத் தொடங்கிய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். பிள்ளைகள் வாசலில் நின்று "தந்தி வந்துருச்சு!" என்று கத்தும்போதெல்லாம் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். எதிர்வீட்டுப் பாட்டி ஒருநாள் மாலை, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டு, காலில் வந்து மோதிய நாயைப் பார்த்து ஐந்து நிமிடம் திட்டிவிட்டுப் போனார். யாரைத் திட்டினார் என்பது எங்களுக்கு விளங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் தந்தியை ஓட்டப் பயிற்சிக்கு அழைத்துப் போனார். தெப்பக்குளத்தை ஒரு முறை சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். ஐந்து சுற்று என்பது திட்டம். சிப்பிப்பாறை போன்ற நாய்கள் மோப்பத்தைவிடப் பார்வையை நம்பி வேட்டையாடுபவை. தொலைவில் ஏதாவது அசைந்தால் அம்பு போலப் பாய்ந்து, சற்று நேரத்தில் வேலையை முடித்துவிட்டுப் படுத்துக்கொள்வது அவற்றின் இயல்பு. மாரத்தான் அவற்றின் பாடத்திட்டத்தில் இல்லை. இதெல்லாம் எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. தெற்குக் கரையில் ஒரு பூனை அசைந்தது. அவருடைய கைக்கடிகாரத்தில் பதிவாகியிருக்கும் அடுத்த 200 மீட்டர், அவர் வாழ்நாளில் ஓடிய எந்த 200 மீட்டரையும்விட வேகமானது. அதில் எவ்வளவு அவர் ஓடியது, எவ்வளவு இழுபட்டது என்று கடிகாரம் பிரித்துச் சொல்லவில்லை. பூனை மதில் ஏறியதும் தந்தி நடைபாதையின் குறுக்கே நீட்டிப் படுத்துவிட்டது. அவர் கெஞ்சினார். அது எழுந்திருக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து மூச்சு வாங்குவது நின்று, அவர் தண்ணீர் குடிக்கப் பாட்டிலைத் திறந்த நொடியில், ஒரு காகம் அசைந்தது.

பத்தொன்பது கிலோ எடையுள்ள அரை மாரத்தான் வீரர் அல்லாத ஒன்று, இரண்டு பதக்கம் வாங்கிய ஒருவரை முழங்கால் சிராய்ப்புகளுடன் ஆட்டோவில் வீட்டுக்கு அழைத்து வந்தது.

நாங்கள் முறை போட்டுக்கொண்டோம். காலை அவர், பள்ளி விட்டதும் பிள்ளைகள், இரவு நான். மூன்று வாரத்துக்குள் நான் இறகுப்பந்தை விட்டேன். மகள் கபடியில் தன்னை இனி யாராலும் பிடித்து நிறுத்த முடியாது என்றாள். தந்தியைத் தாண்டிக் கொல்லைக் கோட்டைத் தொடுவதுதான் அவளுக்குப் பயிற்சியாம். மகன், எங்கள் வீட்டு வரலாற்றில் முதன்முறையாக, இரவு எட்டு மணிக்குத் தட்டின் முன்னாலேயே உட்கார்ந்தபடி உறங்கினான். அன்று அத்தை நாய்க்குத் தனியாக ஒரு முட்டை அவித்து வைத்தார்.

அத்தையின் நட்பு அதற்கு முன்பே வடகத்தில் தொடங்கி வடகத்திலேயே முறிந்திருந்தது. மாடியில் காயும் கூழ் வடகத்துக்குக் காகத்திடமிருந்து காவல் வேண்டுமே என்று தந்தியை அங்கே விட்டார். காவல் குறைவில்லாமல் நடந்தது; ஒரு காகம்கூட அண்டவில்லை. மாலையில் பார்த்தால் வேட்டியின் மேல் வடகத்தின் ஈரத் தடங்கள் மட்டும் வரிசையாக இருந்தன. இரண்டு படி அரிசி, கைப்பிடிப் பச்சை மிளகாய். அன்றிரவு நடந்தவற்றை எழுதுவது முறையல்ல. மறுநாள் கால்நடை மருத்துவர் ஊசி போட்டுவிட்டு, நல்லவேளை வெங்காய வடகமாக இல்லை என்றார். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை; சமைத்தாலும் காய வைத்தாலும் அந்தக் கெடுதல் போகாது; திராட்சையும் சாக்லேட்டும்கூட ஆகாது என்று சொல்லி எழுதியும் கொடுத்தார். அத்தை அந்தச் சீட்டை இருமுறை படித்தார். அவருடைய பார்வையில் ஒரு மரியாதை வந்தது. இந்த வீட்டில் புரட்டாசி மாதத்தைத் தாண்டியும் வெங்காயம், பூண்டு விலக்குகிற ஒரே ஜீவன் அதுதான் என்று அன்று முதல் உறவினர்களிடம் சொல்லிவருகிறார்.

மூன்று மாதம் முடிந்த பின் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, காப்பகத்திலிருந்து அந்தத் தன்னார்வலர் நாயின் நலம் பார்க்க வந்தார். காலை பதினொரு மணி. நான் சோபாவில் உறங்கிக்கொண்டிருந்தேன். கணவர் தரையில் முழங்காலில் பனிக்கட்டிப் பையுடன் உறங்கினார். பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் கிடந்தார்கள். விழித்திருந்தவர் மாமா மட்டுமே. வாசல் திண்ணைக்கு முன் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அதன் காலில் தந்தியின் கயிற்றைக் கட்டிவிட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பேச்சுக் குரல் கேட்டு நான் கண்ணைத் திறந்தேன், உடம்பைத் திறக்க முடியவில்லை.

திறந்த கதவு வழியாக எங்களையெல்லாம் பார்த்த தன்னார்வலர், "ரொம்பச் சிரமமா இருந்தா சொல்லுங்க ஐயா, நாங்களே திரும்ப எடுத்துக்கிறோம்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் கையில் மறுபடியும் ஒரு படிவம். அதிலும் அதே மூன்று கட்டங்கள்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதிவுத் தபால் தம்பி. கையெழுத்துப் போட்டு வாங்கியாச்சு. அதுக்கப்புறம் திருப்பி அனுப்ப விதி கிடையாது" என்றார். சொல்லிவிட்டு, படிவத்தில் கையெழுத்திடப் பேனா எடுப்பதற்காக நாற்காலியை விட்டு எழுந்தார்.

எதிர்வீட்டு மதிலில் ஓர் ஓணான் தலையை ஆட்டியது.

நாற்காலி முதலில் படியில் குதித்தது, பிறகு வாயிற்கதவின் வழியே தெருவில் இறங்கியது. பின்னால் நாற்காலி எழுப்பிய சத்தத்துக்கு மிரண்டு தந்தி ஓட, தந்தி ஓடிய வேகத்துக்கு நாற்காலியின் சத்தம் கூடியது. நான் இரவு உடையில் ஓடினேன். கணவர் பனிக்கட்டிப் பையோடு ஓடினார். மகள் குறுக்குச் சந்தில் மறித்துப் பிடிக்கப் போனாள், மகன் மதில் மேல் ஓடினான், அத்தை கையில் தோசைத் திருப்பியுடன் தெருமுனை வரை வந்துவிட்டார். மாமா வேட்டியை மடித்துக் கட்டியபடி, 1981-க்குப் பிறகு முதல் தடவையாக, ஒரு நாயைத் தாமே துரத்தினார்.

பால் பூத் அருகே மின்கம்பத்தில் நாற்காலி சிக்கிக்கொண்டதால் தந்தி அகப்பட்டது. மூன்று காலோடு மிஞ்சிய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, மூச்சிரைக்க நாங்கள் ஆறு பேரும் திரும்பி வந்தபோது, படிவம் திண்ணையில் ஒரு கல்லின் கீழ் இருந்தது. தன்னார்வலர் போய்விட்டிருந்தார். மூன்றாவது கட்டத்தில் அவர் பேனாவால் குறியிட்டு, அதன் மேலேயே இன்னொரு முறையும் அழுத்திக் குறியிட்டிருந்தார்.