கடைமடையிலிருந்து பார்த்தால்

வாழ்வதற்குச் சிறந்த நகரம் எது என்று வருஷா வருஷம் ஒரு பட்டியல் வரும். வியன்னா, கோபன்ஹேகன், மெல்போர்ன் என்று தெரிந்த பெயர்களே மாறி மாறி வரும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மெட்ரோ எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. எனக்கு மட்டும் ஒரு கேள்வி பாக்கி நிற்கும். இந்த ஊர்க்காரர்கள் காலையில் கழிப்பறையில் ஊற்றுகிற தண்ணீர் கடைசியில் யார் ஊருக்குப் போய்ச் சேர்கிறது?

நான் பார்க்கிற தொழில் அப்படி. பெங்களூரு சர்ஜாபூர் சாலைப் பக்கத்து அடுக்குமாடிகளில் எஸ்.டி.பி. பராமரிப்பு, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு. அதற்கு முன்னால் சிங்கப்பூரில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் பம்ப் மெக்கானிக்காக இருந்தேன். சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம், கே.ஆர்.பி. அணைப் (கிருஷ்ணகிரி அணை) பாசனம். தென்பெண்ணை எங்கள் நிலத்திலிருந்து கூப்பிடு தூரம். ஆக, பெங்களூரில் நான் ஒழுங்காக வேலை பார்க்காவிட்டால் அந்தத் தண்ணீர் எங்கள் வயலுக்கே வந்து நிற்கும்.

பெங்களூரு ஒரு மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். குடிப்பதற்குக் காவிரித் தண்ணீரைச் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து கொண்டுவருகிறார்கள். தோரேகாடனஹள்ளியில் தொடங்கி வழியில் மூன்று இடங்களில் பம்ப் வைத்து, ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே ஏற்றுகிறார்கள். கரண்ட் செலவை நினைத்துப் பாருங்கள். அவ்வளவு சிரமப்பட்டு ஏற்றிய தண்ணீர் குளித்து, துவைத்து முடித்ததும் தானாகவே இறங்கிவிடும். இறங்குவதற்குச் செலவே இல்லை.

மேட்டின் மேற்குப் பக்கம் விழுவது விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கும், அங்கிருந்து காவிரிக்கும் போகிறது. அதற்கும் கீழே ஒகேனக்கல், தர்மபுரி மாவட்டம். கிழக்குச் சரிவில் விழுவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளுக்குப் போய், தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கும் பிறகு கே.ஆர்.பி. அணைக்கும் வருகிறது. அது நாங்கள், கிருஷ்ணகிரி. ஒரு நகரம், இரண்டு சரிவு, கீழே நம் இரண்டு மாவட்டங்கள். காவிரியில் எடுத்துத் தென்பெண்ணையில் விடுகிறார்கள். யாரும் அடிக்கல் நாட்டாத, திறப்பு விழா காணாத நதிநீர் இணைப்பு என்று இதை நான் கிண்டலாகச் சொல்வதுண்டு.

கெலவரப்பள்ளியில் மதகு திறந்தால் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கும் படத்தைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அதில் மர்மம் ஒன்றும் கிடையாது. சோப்புத்தூளில் இருக்கும் நுரைப் பொருள் முழுசாகச் சிதையாமல் வருகிறது. உயரத்திலிருந்து விழும்போது காற்று கலந்ததும் பொங்கிவிடுகிறது. பெல்லந்தூர் ஏரி நுரைத்தது மட்டுமல்ல, தீப்பிடித்தே எரிந்திருக்கிறது. அந்த விவகாரத்தில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2018 டிசம்பரில் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

இதையெல்லாம் தடுக்கத்தான் பெரிய அடுக்குமாடிகள் சொந்தமாக எஸ்.டி.பி. வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அடித்தளத்தில், கார் நிறுத்துமிடத்துக்கும் கீழே, யார் கண்ணிலும் படாத இடத்தில் அது இருக்கும். முக்கியமான வேலை நடப்பது காற்றுத் தொட்டியில். ப்ளோயர் காற்றை ஊத, தொட்டிக்குள் இருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். தொட்டி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மீட்டர் தேவையில்லை, மூக்கு போதும். நல்ல தொட்டியில் மழை பெய்த மண் வாசனை அடிக்கும், நிறம் சாக்லேட் பழுப்பாக இருக்கும். ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் மொண்டு அரை மணி நேரம் வைத்தால் வண்டல் கெட்டியாக அடியில் உட்கார்ந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். கெட்டுப்போன தொட்டி கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்.

கெட்டுப்போவது எப்படி? பெரும்பாலும் ராத்திரியில். நான் பார்த்துக்கொண்ட ஒரு குடியிருப்பில் (பெயர் வேண்டாம்) கரண்ட் பில் ஏறுகிறது என்று சங்கத்தில் பேசி, இரவு பத்து மணிக்கு மேல் ப்ளோயரை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். சத்தமும் தொந்தரவாக இருக்கிறதாம். காற்று நின்றால் உள்ளே இருக்கும் உயிர் மூச்சுமுட்டிச் சாகும். செத்த தொட்டியை மறுபடி தயார்படுத்த வாரக்கணக்கில் ஆகும். அதுவரை வரும் தண்ணீர் எங்கே போகும்? நேராக ராஜகாலுவேக்கு. பெங்களூரில் ஏரியையும் ஏரியையும் இணைக்கும் பெரிய வாய்க்காலுக்கு அதுதான் பெயர். மழை இரவாகப் பார்த்துத் திறந்துவிட்டால் கேட்க நாதியில்லை. மீட்டிங்கில் மின்செலவுக் கணக்கைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். எங்கள் ஊர்க் கணக்கைப் போட அந்தத் திரையில் இடமில்லை.

இப்போது சிங்கப்பூருக்கு வருவோம். அங்கே எனக்கு முதலில் ஆச்சரியமாகப் பட்டது, சாக்கடைத் தண்ணீரைப் பற்றி அவர்கள் கூச்சமே இல்லாமல் பேசுவது. தீவுக்கு அடியில் கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் ஆழ்குகைப் பாதை வெட்டி, கழிவுநீர் முழுக்கச் சரிவிலேயே ஓடும்படி 2008-ல் முடித்தார்கள். அதைச் சுத்தம் செய்து, நுண்சவ்வு வழியாக அழுத்தி, புறஊதா ஒளி காட்டி எடுப்பதுதான் நியூவாட்டர். 2003-லிருந்து ஓடுகிறது. பாட்டிலில் அடைத்துக்கூடக் கொடுத்தார்கள், நானும் குடித்திருக்கிறேன். ருசியே இருக்காது, அவ்வளவு சுத்தம். இதில் பெரும் பங்கு சிப் ஆலைகளுக்கும் குளிரூட்டலுக்கும்தான் போகிறது. கொஞ்சம் மட்டும் நீர்த்தேக்கத்தில் கலந்து குடிநீராகிறது.

ஊரில் இதைச் சொன்னால், "அவனுங்க ஒழுக்கம் நமக்கு வராதுப்பா" என்று டீக்கடையில் தீர்ப்பு வந்துவிடும். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சிங்கப்பூர் ஆறும் ஒரு காலத்தில் நாறிக் கிடந்ததுதான். 1977-ல் தொடங்கிப் பத்து வருஷம் பாடுபட்டுச் சுத்தம் செய்தார்கள். என் கணிப்பில் விஷயம் வேறு. சிங்கப்பூருக்குக் கீழே ஊர் கிடையாது. இருக்கும் தண்ணீரில் ஒரு பகுதிக்கு 1962 ஒப்பந்தப்படி பக்கத்து நாட்டு ஜோகூரை நம்ப வேண்டும், அதுவும் 2061 வரைக்கும்தான். விட்ட தண்ணீரைத் திரும்பத் தானே குடிக்க வேண்டும் என்று ஆகிவிட்டால் யாருக்கும் ஒழுக்கம் வந்துவிடும்.

துபாயில் என் சித்தப்பா பையன் கழிவுநீர் டேங்கர் ஓட்டினான். கட்டடம் எழும்பிய வேகத்துக்குக் குழாய் போகாத காலம் அது. அல் அவீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வெளியே லாரி வரிசை மணிக்கணக்கில் நிற்கும், நடைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. காத்திருக்க முடியாத சிலர் மழைநீர் வடிகாலில் திறந்துவிட, 2008-ல் ஜுமேரா கடற்கரை வரை நாற்றம் போய்ப் பெரிய செய்தியாயிற்று. பணக்காரர்கள் நீந்துகிற கடல் என்பதால் அபராதம், வண்டி பறிமுதல் என்று சட்டம் சட்டென்று பாய்ந்தது. லண்டனிலும் இதே கதைதான். 1858 கோடையில் தேம்ஸ் நாற்றம் நாடாளுமன்ற ஜன்னலுக்குள் வந்த பிறகுதான், 18 நாளில் சட்டம் போட்டு பாசல்ஜெட் என்ற பொறியாளர் கையில் சாக்கடை கட்டும் வேலையைக் கொடுத்தார்கள்.

என் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் படிக்க வேண்டியது சிகாகோ கதை. தங்கள் கழிவு மிச்சிகன் ஏரியில் கலந்து, குடிக்கிற தண்ணீரே கெட்டது. 45 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி, 1900 ஜனவரியில் ஆற்றையே எதிர்த் திசையில் திருப்பிவிட்டார்கள். சிகாகோ சுத்தமாயிற்று. அந்தத் தண்ணீர் மிசிசிப்பி வழியாகக் கீழே செயின்ட் லூயிசுக்குப் போனது. அந்த ஊர் இருக்கும் மிசூரி மாநிலம் உச்ச நீதிமன்றம் போய், டைபாய்டு வருகிறது என்றது. நிரூபிப்பதற்காக ஒரு வகைப் பாக்டீரியாவைப் பீப்பாய் பீப்பாயாகக் கால்வாயில் கொட்டிவிட்டுக் கீழே தேடிப்பார்த்த சோதனைகூட வழக்கில் வருகிறது. 1906-ல் தீர்ப்பு: போதிய நிரூபணம் இல்லை, மிசூரி ஊர்களும் அதே ஆற்றில்தானே கழிவை விடுகின்றன. படித்ததும் சிரித்துவிட்டேன். நுரைக்கு யார் காரணம், பெங்களூரா ஓசூர் ஆலைகளா என்று நம் பக்கம் நடக்கும் பேச்சை அமெரிக்காக்காரன் நூறு வருஷத்துக்கு முன்பே பேசி முடித்திருக்கிறான்.

சரி, அப்படியானால் பெங்களூரு முழுசாகச் சுத்தம் செய்துவிட்டால் எங்களுக்கு நிம்மதியா? இங்கேதான் சிக்கல். சுத்தம் செய்த தண்ணீருக்கு விலை வந்துவிடுகிறது. கே.சி. வேலி (கோரமங்கலா-சல்லகட்டா பள்ளத்தாக்கு) திட்டத்தில் 2018-லிருந்து கோலார் ஏரிகளுக்கு அதைப் பம்ப் செய்து அனுப்புகிறார்கள். கோலார் வறண்ட பூமி, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே போவது எங்களுக்குக் குறையும். அப்பா இதை என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்: "பெங்களூரு சாக்கடை இல்லன்னா சித்திரையில ஆத்துல நாய்க்குக்கூடத் தண்ணி கெடையாது." அணைத் தண்ணீரில் நெல்லும் சாமந்தியும் வைக்கிறார். வீட்டுக்கு வேண்டிய கத்தரி, கீரை எல்லாம் கிணற்றடிப் பாத்தியில். காரணம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

மெக்சிகோ நகரத்தைப் பற்றிப் படித்தபோது அப்பா ஞாபகம்தான் வந்தது. அந்த நகரமும் பெங்களூரு மாதிரி உயரத்தில் இருக்கிறது, 2,200 மீட்டருக்கும் மேல். கழிவுநீரில் பெரும்பகுதி வடக்கே மெஸ்கித்தால் பள்ளத்தாக்குக்குப் போகிறது. நூறு வருஷத்துக்கும் மேலாக அந்த விவசாயிகள் அதையே பாய்ச்சி வாழ்கிறார்கள். அதோதோனில்கோ என்ற இடத்தில் பிரம்மாண்டமாகச் சுத்திகரிப்பு நிலையம் வந்தபோது சந்தோஷப்படுவார்கள் என்றுதானே நினைப்போம்? எதிர்த்தார்கள். சுத்தம் செய்தால் உரச்சத்து போய்விடும், விளைச்சல் குறையும் என்று.

போன தடவை ஊருக்குப் போனபோது இதை அப்பாவிடம் சொன்னேன். வரப்பில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டார்.

"என்ன பயிர் வெக்கிறாங்க?"

"குதிரைமசால், மக்காச்சோளம்."

"ரெண்டும் மாட்டுக்கு ஆவறது."

"இல்லப்பா, அங்க மக்காச்சோளம்தான் சோறு."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப வீட்டுக்குத் திங்கறதத் தனியா கெணத்துத் தண்ணியில போட்டிருப்பாங்க. நல்லா விசாரிச்சுப் பாரு" என்றார்.