பிரித்துக் கட்டும் பிரைமஸ்: சரிசெய்வதும் பெட்டியில் அடுக்குவதும்

பழைய பயண ஸ்டவ்களில் கைபழகத் தோதானது அரை பைன்ட் (சுமார் 280 மில்லி) மண்ணெண்ணெய் வகைதான். பிரைமஸ் 96, ஆப்டிமஸ் 96, ரேடியஸ் 42 மூன்றும் ஸ்வீடன் சரக்கு; மானிட்டர் 17பி இங்கிலாந்து. பெயர்தான் வேறு, வயிற்றுக்குள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் 1892-ல் ஸ்டாக்ஹோமில் கொண்டுவந்த திரியில்லா ஸ்டவ்வின் குட்டி வடிவம் இது. கேஸ் வருவதற்கு முன் நம் சமையலறைகளில் இரைந்துகொண்டிருந்த பம்ப் ஸ்டவ்வும் அதே குடும்பம்தான். அதனால் வாஷர், நிப்பிள் (எண்ணெய் ஆவி பீறிடும் துளையுள்ள சின்னத் திருகு), ஸ்டவ் பின் (அந்தத் துளையைக் குத்தும் ஊசி) என்று கேட்டால் பழைய பாத்திரக்கடைகளில் இன்னமும் புரிந்துகொள்வார்கள்.

வீட்டு ஸ்டவ்வில் பர்னரை ஒருமுறை இறுக்கினால் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். பயண ஸ்டவ்வில் ஒவ்வொரு முறையும் பர்னரைக் கழற்றி, கால்களை உருவி, தகரப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஆகவே இதில் முதலில் தேய்வதும் முதலில் கசிவதும் பர்னர் உட்காரும் இடம்தான். பளபளப்பைப் பார்த்து வாங்குகிறவர்கள் இதைப் பார்ப்பதேயில்லை.

வாங்கும்போது டேங்கின் அடித்தகட்டைத் தடவிப் பாருங்கள். வெளியே புடைத்திருந்தால் எப்போதோ அளவுக்கு மீறி அழுத்தம் ஏறியிருக்கிறது. அது அலமாரியில் வைக்க மட்டும்தான். அடுத்து, மயிரிழை விரிசல். அம்மோனியா பட்டால், அடித்து வளைத்ததில் உள்ளிறுக்கம் தங்கிய பித்தளை தானாக விரிசல் விடும். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் குதிரை லாயங்களில் தோட்டாக்களை வைத்தபோது, மழைக்காலத்தில் அவற்றின் பித்தளை உறைகள் விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாதான் காரணம் என்று பிறகு கண்டார்கள். பித்தளை பாலிஷ் சிலவற்றில் அம்மோனியா உண்டு. டப்பாவைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பிரிக்கும்போது அவசரம் கூடாது. எல்லா மரைகளிலும் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். பர்னரைக் கழற்ற, டேங்கைக் கையில் பிடித்து முறுக்கினால் தகடு கசங்கும். கீழேயுள்ள கழுத்தை ஒரு ஸ்பானரால் பிடித்து, இன்னொன்றால் பர்னரைத் திருப்புங்கள். அசையாவிட்டால் கொதிநீரை ஊற்றிச் சூடேற்றலாம். கேஸ் டார்ச் நெருப்பை டேங்க் பக்கமே காட்டாதீர்கள். அதன் இணைப்புகள் ஈயப்பற்று, 200 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். உள்ளே மண்ணெண்ணெய் ஆவி இருந்தால் அது வேறு ஆபத்து.

கழற்றிய பர்னருக்கு அந்தப் பயம் இல்லை. நிப்பிளை அதற்கான சாவியால் எடுத்துவிட்டு, பர்னரை மங்கலாகச் சிவக்கும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டால் உள்ளே படிந்த கரி பெயர்ந்து வரும். இரண்டு மூன்று முறை செய்யலாம். பிறகு ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து சில மணி நேரம் ஊறவையுங்கள். பித்தளை ரோஜா நிறமாக மாறினால் பதற வேண்டாம். மேலே செம்பு படிந்திருக்கிறது, தேய்த்தால் போய்விடும். அந்தக் கரைசலில் இரும்புத் திருகு ஒன்றுகூட விழக் கூடாது, விழுந்தால் செம்பு இன்னும் அதிகமாகப் படியும். கடைசியில் சமையல் சோடா கரைத்த நீரில் அலசிக் காயவிடுங்கள்.

பம்புக்கு வருவோம். இரண்டு இடம்தான் கெடும், இரண்டுக்கும் அடையாளம் வேறு. தண்டை அழுத்தும்போது எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனால் தோல் வாஷர் காய்ந்துவிட்டது. அழுத்திய தண்டு தானாக மேலே எழும்பினாலோ, பம்புக் குழாய்க்குள் மண்ணெண்ணெய் வந்தாலோ அடியிலிருக்கும் வால்வு பிடிக்கவில்லை.

தோலை மாற்றுமுன் எண்ணெயில் ஊறவைத்து, விளிம்பை விரலால் விரித்துப் பாருங்கள்; பாதிக்குமேல் அதிலேயே பிழைத்துக்கொள்ளும். தையல் மிஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மலைக் குளிரில் உறைந்துபோய்த் தோல் விறைக்கும். புதிது போட்டால் கிண்ண வடிவத் தோலின் வாய் டேங்கைப் பார்த்திருக்க வேண்டும். அழுத்தும்போது காற்று விளிம்பைக் குழாய்ச் சுவரோடு விரிப்பதால்தான் பம்ப் வேலை செய்கிறது. தண்டை நேராகச் சொருகினால் விளிம்பு மடங்கும். சற்றுச் சாய்த்து, சுழற்றிக்கொண்டே உள்ளே விடுங்கள்.

வால்வைக் கழற்ற அதற்கென்றே நீளச் சாவி உண்டு. பொருந்தாத திருப்புளியை விட்டு நெம்பினால் தலை மழுங்கிவிடும், அப்புறம் டேங்குக்கே கேடு. உள்ளே ஒரு ஸ்பிரிங், நுனியில் சின்னக் கார்க் அல்லது ரப்பர்த் துண்டு இருக்கும். இந்தத் துண்டுக்குப் பதிலாகச் சைக்கிள் டியூப்பை வெட்டிப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். மண்ணெண்ணெயில் அது ஊதிக் குழைந்துவிடும். எண்ணெய் தாங்கும் விட்டான் ரப்பர் தகட்டிலிருந்து வெட்டிப் போட்டால் வருஷக்கணக்கில் நிற்கும். நிரப்பும் மூடியின் வாஷருக்கும் இதே கதைதான்.

நிப்பிள் துளை 0.3 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். மேலிருந்து பின்னைக் குத்தினால் அழுக்கு உள்ளேதான் விழுகிறது, சற்று நேரத்தில் மறுபடி அடைக்கும். வீட்டில் இருக்கும்போது நிப்பிளைக் கழற்றிக் கீழ்ப்புறமிருந்து சுத்தம் செய்வதே முறை. பின்னை ஆட்டிச் சுழற்றிச் சுழற்றித் துளை அகன்றுபோனால், எவ்வளவு சூடாக்கினாலும் சுடர் மஞ்சளாகவே இருக்கும். அந்த நிப்பிளைத் தூக்கிப் போடுங்கள்.

சோதனையை எரிபொருள் இல்லாமல் முடிக்க வேண்டும். பர்னர் இடத்தில் பயண மூடியை (பர்னரைக் கழற்றிய பின் டேங்கின் வாயை அடைப்பது) திருகி, பத்து முறை காற்றடித்து, டேங்கை வாளித் தண்ணீரில் முக்குங்கள். குமிழி எங்கே வருகிறதோ அங்கேதான் வேலை. பிறகு பர்னரைப் பூட்டி, முக்கால் டேங்குக்கு மேல் போகாமல் மண்ணெண்ணெய் விடுங்கள். மேலே காற்றுக்கு இடம் வேண்டும். ஒருபோதும் பெட்ரோல் ஊற்றாதீர்கள். டேங்கின் காற்றை வெளியே விடும் காற்றுத் திருகைத் திறந்தபடியே வைத்து, பர்னருக்கு அடியிலுள்ள கிண்ணம் நிறைய ஸ்பிரிட் விட்டுக் கொளுத்துங்கள். அது அணையும் தறுவாயில் திருகை மூடி, மூன்று நான்கு முறை மட்டும் அடியுங்கள். நீலமாகப் பிடித்த பிறகு மீதிக் காற்று. மஞ்சளாகச் சீறினால் திருகைத் திறந்து முதலிலிருந்து தொடங்குங்கள். காற்றடித்துச் சமாளிக்க முயன்றால் எண்ணெய் வழிந்து டேங்கின்மேலேயே எரியும்.

இனிப் பெட்டி. ஸ்டவ் முழுக்க ஆறிய பிறகுதான் பர்னரைத் தொட வேண்டும். சூட்டோடு திறந்தால் மரை அரைபடும், அடியிலுள்ள ஈய வாஷரும் நசுங்கும். காற்றைத் திறந்துவிட்டு, பர்னரைக் கழற்றி, ஈய வாஷர் இடத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். புல்லில் விழுந்தால் கிடைக்காது. உபரியாக இரண்டு வைத்திருங்கள். பூட்டும்போது முதலில் கையால், கடைசியில் ஸ்பானரால் ஒரு சின்ன அழுத்தம், அவ்வளவே. மரையில் மணல் ஒரு துகள் இருந்தாலும் ஈயத்தில் பள்ளம் விழுந்து, அந்த வழியாகக் கசிந்து எரியும். அதனால் பர்னரைத் தனித் துணிப்பையில் கட்டி வையுங்கள்.

பயண மூடி தொலைந்த ஸ்டவ்கள்தான் சந்தையில் அதிகம். லேத் பட்டறைக்கு டேங்க், பர்னர் இரண்டையும் கொண்டுபோய்க் காட்டினால் பித்தளையில் கடைந்து தருவார்கள். மூடி இல்லாமல் எண்ணெயோடு தூக்கிச் செல்ல வழியே இல்லை. மூடி இருந்தாலும், மலை ஏற ஏற வெளிக்காற்று அழுத்தம் குறைந்து டேங்குக்குள் அழுத்தம் மிஞ்சும். வழியில் காற்றுத் திருகை ஒருமுறை திறந்து மூடுங்கள், பை நாறாது. கால்கள் பித்தளையில் உரசாமல் கந்தலில் சுற்றுங்கள். ஸ்பிரிட் குப்பி பெட்டிக்கு வெளியே இருக்கட்டும். ஸ்டவ் பின்னை, பெட்டி மூடியின் உட்புறம் டேப் போட்டு ஒட்டிவிடலாம்.

ரயிலில் ஸ்டவ், மண்ணெண்ணெய் இரண்டுக்குமே தடை. விமானத்தில், பயன்படுத்திய ஸ்டவ்வுக்கு விமான நிறுவனத்தின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். அதுவும் செக்-இன் சாமானில்தான். விதிப்படி எண்ணெயைக் குறைந்தது ஒரு மணி நேரம் வடியவிட்டு, மூடியைத் திறந்தபடி ஆறு மணி நேரமாவது காயவிட வேண்டும். இல்லையென்றால் சமையல் எண்ணெயை ஊற்றிக் கொட்டிவிடவும் அனுமதி உண்டு. பிறகு டேங்கை மூடி, உறிஞ்சும் காகிதத்தில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு வாயைக் கட்ட வேண்டும். விமான நிலையத்தில் மண்ணெண்ணெய் வாடை வந்தால் ஒப்புதல் கடிதம் இருந்தும் எடுத்து வைத்துவிடுவார்கள்; அதனால் ஒரு நாள் முன்னதாகவே காயவையுங்கள்.