ஆஸ்போர்ன் கேள்வி: ஆறு நாள் கதையோடு நின்றுவிடாதீர்கள்

தேர்வில் சிறைச் சீர்திருத்த வரலாற்றுப் பகுதியில் அமெரிக்கச் சீர்திருத்தவாதி தாமஸ் மாட் ஆஸ்போர்ன் பற்றிக் கேட்டால், அவர் ஆபர்ன் சிறையில் கைதியாக இருந்த ஆறு நாளையே பலரும் இரண்டு பக்கத்துக்கு எழுதிவிடுகிறார்கள். அதற்கு நான்கு வரி போதும். 'மாறுவேடத்தில் போனார்' என்பது பிழை. 1913இல் கைதிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான், 'டாம் பிரவுன்' என்ற பெயரில் உள்ளே போனார்.

வாழ்க்கைக் குறிப்பையும் சுருக்கிவிடலாம். 1859இல் நியூயார்க் மாநிலத்தின் ஆபர்னில் பிறப்பு, 1884இல் ஹார்வர்டு பட்டம், 1903 முதல் 1905 வரை சொந்த ஊரின் மேயர். ஜனநாயகக் கட்சிக்காரர்தான், ஆனால் நியூயார்க் நகரில் அக்கட்சியை ஆட்டிவைத்த டாமனி ஹால் கோஷ்டிக்கு ஆகாதவர்.

மதிப்பெண் கிடைப்பது பரஸ்பர நலச் சங்கத்தில் (Mutual Welfare League), அதாவது ஆபர்ன் சிறையில் கைதிகளே நடத்திய சுயாட்சி அமைப்பில். முதலில் பழைய ஆபர்ன் முறையை எழுதுங்கள்: பகலில் பட்டறையில் கூட்டு வேலை, இரவில் தனிக் கொட்டடி, எந்நேரமும் வாய் திறக்கக் கூடாது. அதன்பின் சங்கம் வேலைசெய்த விதம். பட்டறைக் கைதிகள் வாக்களித்துப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒழுங்கு மீறியவரை ஐந்து கைதிகள் கொண்ட குழு விசாரிக்கும். இருட்டறைக்குப் பதிலாகச் சங்கச் சலுகைகள் பறிபோகும். மேல்முறையீடு வார்டனிடம். (அங்கே வார்டன் என்றால் சிறையின் தலைமை அதிகாரி, நம்மூர் சிறை வார்டரோடு குழப்பினால் விடையே கோணலாகிவிடும்.) காவலரை ஏமாற்றுவது கைதிக்குப் பெருமை, தன் கூட்டாளிகளின் சலுகையைக் கெடுப்பது அப்படியல்ல. சங்கம் நன்றாக நடந்ததற்கு இதுதான் காரணம்.

கால வரிசையில்தான் அதிகம் சறுக்குவது. சங்கம் ஆபர்னில் தொடங்கியபோது அவர் அங்கே வார்டன் இல்லை, மாநிலச் சிறைச் சீர்திருத்த ஆணையத் தலைவர். அதே மாநிலத்தின் இன்னொரு சிறையான சிங் சிங்கில் வார்டன் பதவி 1914 டிசம்பரில்தான். 1915இன் இறுதியில் பொய்ச்சாட்சி, கடமை தவறல் எனக் குற்றச்சாட்டுகள். அவை நிற்கவில்லை. 1916 ஜூலையில் பணிக்குத் திரும்பியவர் அக்டோபரில் விலகினார். 'வழக்கில் தோற்று வெளியேறினார்' என்று எழுத வேண்டாம். 1917 முதல் 1920 வரை போர்ட்ஸ்மவுத் கடற்படைச் சிறைக்குத் தலைமை. அதை ஒரு வரியில் சொன்னால் போதும்.

மதிப்பீடு கேட்டால், அவருக்குப் பிந்திய நிலையையும் சேருங்கள். அவர் இறந்தது 1926இல். ஆபர்னில் சங்கத்தைக் கலைத்தது 1929 டிசம்பர்க் கலவரத்துக்குப் பிறகு.